இரண்டு வீச்சுத் தூரம்

அவர் ரோட்டைப் பெருக்கும்போது எண்ணுவார். உதடு அசையாது, சத்தமும் வராது. ஆனாலும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுவதற்கும் தெரியும். ஆளுயர மூங்கில் கம்பில் தென்னை ஈர்க்கைக் கட்டிய விளக்குமாறு அவருடையது. அதை வலமிருந்து இடமாக ஒரு தடவை இழுத்தால் ஒரு வீச்சு. எங்கள் மலாக்காவில் காஜா பெராங் ரோடு எவ்வளவு அகலம் என்று கேட்டால் அவருக்கு அடிக்கணக்கு தெரியாது. இந்தச் சாக்கடையிலிருந்து அந்தச் சாக்கடைக்குப் பதினோரு வீச்சு என்பார். ஒருமுறை சும்மா வம்புக்கு, "பத்தா இருக்கும், அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். பெருக்கி முடித்த ரோட்டை எனக்காக இன்னொரு தடவை பெருக்கிக் காட்டினார். பதினொன்றுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் நடுவில் தன் பெயர் அடிபடுவதை அவர் விரும்பியதே இல்லை. எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. ஒரு கான்ட்ராக்டரிடம் ரோடு பெருக்கும் கூலி வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தனியாக இருந்தார்.

பிள்ளைகளா, என் இடது கால் ஏன் கொஞ்சம் குட்டை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் 'ஆக்சிடெண்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறேன். இப்போது பெரியவன் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று நிற்கிறான். சின்னவள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். ஆறாவது வரைக்கும் படித்தவன் நான். தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன். அந்த ஆக்சிடெண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் லோரி முன்னால் வரவில்லை, அக்காதான் வந்து நிற்கிறார்.

உங்கள் அம்மாவைப் பெண் கேட்கப் போகுமுன் என் அம்மா இவரிடம்தான் விசாரித்தார். உங்கள் அம்மாவின் வீடு இவர் பெருக்கும் பாதையில் இருந்தது. பெண் எப்படி என்று கேட்டால் மற்றவர்கள் தங்கம் என்பார்கள், மகாலட்சுமி என்பார்கள். பிடிக்காதவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். இவரோ, "காலையில ஆறு மணிக்குக் கதவு திறக்கும். அந்தப் பொண்ணுதான் வாசல் கூட்டும். குப்பையை ரோட்டுல தள்ளாது, அள்ளித் தொட்டியில போடும். நான் பார்த்தது இவ்வளவுதான்" என்று சொன்னாராம். இது பெண் வீட்டுக்காரர்கள் காதுக்கு எட்டியதும் அவர்களுக்குக் கோபம். நாலு நல்ல வார்த்தை கூடச் சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும் என்று கேட்டார்கள். என் அம்மாவோ அன்று மாலையே வெற்றிலை பாக்கு வாங்கி வைத்துவிட்டார். ரோட்டில் குப்பை தள்ளாத பெண், அதுபோதும் என்று.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்த நேரம். அக்கா வளைவில் குனிந்து பெருக்கும்போது வண்டிக்காரர்கள் கண்ணில் படவேண்டும் என்று, பழைய புடவையிலிருந்து சிவப்புத் துண்டு ஒன்றைக் கிழித்து விளக்குமாற்றுக் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு போனார். இரண்டாம் நாளே போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இது என்ன கொடி என்று விசாரித்தார். கூலிகளை மேய்க்கும் மண்டோருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எந்தக் கட்சி, எங்களையும் சேர்த்துக்கொள்ளேன் என்று நாள் முழுக்கக் கேலி செய்தார். அக்கா துணியை அவிழ்த்தார். மறுநாள் மஞ்சளில் தோய்த்த துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். லோரிக்காரன் கண்ணில் பட்டால் சரி, நிறத்தின் மேல் தனக்கு ஆசை இல்லை என்றார். ஒரு மாதத்துக்குள் மற்ற கூலிகளின் விளக்குமாற்றிலும் மஞ்சள் துண்டு பறந்தது. கடைசியில் மண்டோரும் தன் சைக்கிளின் பின்னால் ஒன்று கட்டிக்கொண்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் அப்போது சைக்கிளில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹேண்டிலில் பக்கத்துக்கொரு பால் டின். சுதந்திரத்துக்கு முந்தின வாரம் அது. கடைகளில் கொடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். காலை ஏழு மணி இருக்கும். தலைமுறைகளாக மலாயே பேசிவரும் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் சந்துக்குள் பால் ஊற்றிவிட்டு வெளியே வருகிறேன். சந்து ரோட்டில் சேரும் முக்கை சிம்பாங் என்போம், அங்கே இடப்பக்கம் திரும்பினால் காஜா பெராங் ரோடு. கடைசி வீட்டுச் செட்டி அம்மாவுக்குத் தமிழ் வராது, மலாய்தான். அவர் பின்னாலிருந்து, "பெசோக் லெபே சிக்கிட்" என்று கூப்பிட்டுச் சொன்னார். நாளைக்குக் கொஞ்சம் கூட ஊற்று என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன். கால் பெடலை மிதித்துக்கொண்டேதான் இருந்தது. சிம்பாங்கில் நான் நிற்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு காலத்தில் மறைக்கப் பார்த்தேன்.

ரோட்டில் எதிர்த்திசையிலிருந்து மணல் லோரி ஒன்று வேகமாக வந்தது. அதற்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. மாட்டு வண்டியை முந்த லோரி ரோட்டின் என் பாதிக்குள் வந்துவிட்டது. நான் முகத்தை முன்னால் திருப்பியபோது லோரியின் மூக்குதான் தெரிந்தது.

எனக்கு மயக்கம் வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். கால் கிடந்த கோணத்தைப் பார்த்தேன். பால் தார் ரோட்டில் பரவி, என் ரத்தத்தோடு கலந்து, சாக்கடைப் பக்கம் ஓடியதையும் பார்த்தேன். யாரோ என்னைத் தூக்கிக் காரில் போட்டார்கள். லோரிக்காரன் வழியை அடைக்கக் கூடாது என்று சொல்லி, லோரியை அப்படியே நகர்த்தித் தன் பாதியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

நம் ஜனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரோட்டில் ரத்தம் சிந்தினால் அது வெயிலில் காயக்கூடாது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எலுமிச்சம்பழம் அறுத்து, தேங்காய் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் இன்னொரு உயிரைக் கேட்கும், அடிபட்டவனும் பிழைக்கமாட்டான் என்பார்கள். செய்தி கேட்டு என் அம்மா அழுதுகொண்டே வாளியில் மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்தார். கூடவே லைன் பெண்கள் நாலைந்து பேர். அங்கே அக்கா தன் குப்பை வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, பால் கொட்டிய இடத்துக்கு முன்னால் விளக்குமாற்றோடு நின்றிருந்தார்.

"ஊத்தாதீங்க, பெரியம்மா. போலீஸ் வந்து அளக்கட்டும்."

"என் புள்ளை ரத்தம்டி அது."

"அதனாலதான் சொல்றேன். இது போயிட்டா அவன் எங்க அடிபட்டான்னு யாரைக் கேட்பீங்க? லோரி இப்ப அந்தப் பக்கம் நிக்குது, பாருங்க."

அம்மாவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. உன் பிள்ளையாக இருந்தால் இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பாயா என்று கேட்டார். பிள்ளை இல்லாத ஒருவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. அக்கா நகரவில்லை. அம்மா மண்ணை வாரித் தூற்றியதாக உங்கள் அம்மா சொல்வாள். அப்போதும் நகரவில்லை.

இதற்குள் மண்டோர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். எட்டு மணிக்குள் ரோடு சுத்தமாக இருக்கவேண்டும் என்பது அந்த வாரம் அவருக்கு மேலிடத்து உத்தரவு. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"உன்னைக் கூட்டத்தான் வெச்சிருக்கு, காவல் காக்க இல்ல. கவர்மெண்டே மாறப் போகுது, ரோட்டுல ரத்தத்தை வெச்சுக்கிட்டா கொடி ஏத்துறது?"

"கவர்மெண்ட் மாறட்டும், மண்டோர். இந்த இடம் மாறக் கூடாது" என்றார் அக்கா. பதினோரு வீச்சு ரோட்டில் ஒரு வீச்சுகூட அன்று அவர் அங்கே பெருக்கவில்லை.

போலீஸ் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை வெயிலில் நின்றார். வந்தவர் ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள். லோரி நின்ற இடத்தைப் பார்த்தார், பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அளவு நாடாவின் ஒரு முனையை அக்காவின் கையில் கொடுத்துச் சாக்கடை ஓரத்தில் பிடிக்கச் சொன்னார். அளந்து, படம் போட்டு, மாட்டு வண்டிக்காரரின் பெயரையும் எழுதிக்கொண்டார். கழுவியிருந்தால் நான் எதை அளந்திருப்பேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாராம்.

கான்ஸ்டபிள் போனதும் அக்கா வண்டியை ஓரமாகத் தள்ளினார். "இப்ப ஊத்துங்க, பெரியம்மா" என்றார். அம்மா வாளியைத் தொடவில்லை. அக்காவே அந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றினார், எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு பக்கமும் போட்டார், பிறகு தேய்த்துத் தேய்த்துப் பெருக்கினார். மண்டோர் அவருக்கு மூன்று நாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்று நாளும் அக்கா எனக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அப்படி வந்த ஒரு நாள்தான் லோரி முதலாளியான தவுக்கேயின் ஆளும் வந்திருந்தார். நம் தமிழர்தான். பிஸ்கட் டின், ஆரஞ்சுப் பழம், மரியாதையான பேச்சு. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தவுக்கே உதவுகிறார், வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். தாள் முழுக்க இங்கிலீஷ். நான் பேனாவை வாங்கிவிட்டேன். அக்காவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"உதவிக்கு எதுக்குங்க இத்தனை வரி?"

வந்தவர் சிரித்தார். தாளை வைத்துவிட்டுப் போங்கள், படித்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுகிறோம் என்றார் அக்கா. தாளை விட்டுப் போக வந்தவருக்கு மனம் இல்லை. அதிலேயே எனக்கு விஷயம் புரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் கையை நீட்டி அதை வாங்கிப் படித்தார். இதோடு எல்லாம் தீர்ந்தது, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளா, யார் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், கட்டிலில் கிடக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாத்தியார் சொல்லித்தான் பண்டார் ஹிலிரில் இருந்த ஒரு வக்கீலிடம் போனேன். ஊன்றுகோலோடு படியேறினேன். அக்காவும் சாட்சி என்பதால் கூட வந்தார். வக்கீல் முதலில் அவரைத்தான் விசாரித்தார். அன்று சிம்பாங்குக்கு எதிரே பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, கண்ணால் கண்டதை வரிசையாகச் சொன்னார். மாட்டு வண்டி, லோரி, பால் கொட்டிய இடம். அதற்கு முன்னால், நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததும் சிம்பாங்கில் நிற்காததும். அது அவருக்குத் தெரியும் என்றே நான் நினைக்கவில்லை.

வெளியே வந்ததும் கெஞ்சினேன். கால் ஊனமாகிவிட்டது. இனிமேல் சைக்கிள் மிதித்துப் பால் ஊற்ற முடியாது. வீட்டில் உங்கள் அம்மா முழுகாமல் இருக்கிறாள். இந்த வழக்கும் போனால் தெருவில்தான் நிற்கவேண்டும்.

"அக்கா, அது ஒண்ணை மட்டும் சொல்லாதீங்க."

"நானா எடுத்துச் சொல்லமாட்டேன், தம்பி. கேட்டா சொல்லுவேன்."

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. என் அம்மா பேசினார், ஆனால் அவரிடம் இல்லை, அவர் காதில் விழும்படி. அன்றைக்கு ரோட்டைக் கழுவ விடவில்லை, இன்றைக்கு என் பிள்ளையைக் கழுவி ஊற்றப் பார்க்கிறாள் என்று அவர் வீட்டைப் பார்த்துச் சொல்வார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு விளக்குமாற்றோடு வேலைக்குப் போவார்.

உங்கள் அம்மாதான் ஒரு நாள் விஷயத்தைச் சொன்னாள். அக்காவின் புருஷனும் லோரி அடித்துத்தான் செத்திருக்கிறார், எஸ்டேட்டில் இருந்தபோது. அக்காவே கையால் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அந்த ரோட்டைக் கழுவியிருக்கிறார். விசாரணையில் எஸ்டேட் ஜனங்கள் பாவப்பட்டு ஆளுக்கொன்றைக் கூட்டிச் சொன்னார்களாம். ஒருவர் லோரி வலப்பக்கம் வந்தது என்றார், ஒருவர் இடப்பக்கம் என்றார், ஒருவர் அந்த இடத்திலேயே இல்லாதவர். ஒருவர் பேச்சையும் யாரும் நம்பவில்லை. அக்கா கையில் ஒன்றும் இல்லாமல் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். இதைக் கேட்ட பிறகும் என் கோபம் முழுதாகப் போகவில்லை. எனக்கு என் கால்தான் பெரிதாக இருந்தது.

வழக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. நாடு நம்முடையதாகிவிட்டாலும் நீதிபதி இன்னும் வெள்ளைக்காரர்தான். லோரிக்காரன், பால்காரன் குருட்டுத்தனமாக ரோட்டின் நடுவையும் தாண்டித் தன் பாதிக்குள் வந்து விழுந்தான் என்று சாதித்தான். மாட்டு வண்டிக்காரர் தனக்குப் பின்பக்கம் நடந்தது தெரியாது என்று கழன்றுகொண்டார். பிறகு அக்கா கூண்டில் ஏறினார். வெளுத்த புடவை, கையில் வேலை இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாத கைகள். எதிர் வக்கீல் துவிபாஷி மூலம் கேட்டார்.

"பால்காரர் உன் லைனில் இருப்பவர்தானே?"

"ஆமாங்க."

"அவர் ஜெயிக்க வேண்டும் என்று உனக்கு ஆசை."

"ஆமாங்க. பிள்ளைக்காரன்."

"அதனால் அவருக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்வாய்."

"அவன் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தான், ஐயா. சிம்பாங்கில நிக்கல."

துவிபாஷி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அதை இங்கிலீஷில் சொன்னார். எதிர் வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார், எதுவும் கிடைக்கவில்லை போலும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நீதிபதியே கேட்டார், அடிபட்ட இடம் எது என்று. பால்காரன் வந்த பக்கத்துச் சாக்கடை ஓரத்திலிருந்து இரண்டு வீச்சு என்றார் அக்கா. வீச்சு என்றால் என்ன என்று துவிபாஷிக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா கூண்டிலிருந்து இறங்க அனுமதி கேட்டார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பியூனின் குடையை வாங்கி, இரு கையாலும் விளக்குமாற்றைப் போலப் பிடித்து, கோர்ட் தரையில் இரண்டு தடவை பெருக்கினார். சிலர் சிரித்தார்கள். எதிர் வக்கீல், நீ பள்ளிக்கூடம் போயிருக்கிறாயா என்று கேட்டார்.

"இல்லீங்க. அந்த ரோட்டைத் தினம் கூட்டியிருக்கேன்."

குமாஸ்தா அளந்து சொன்னார். நீதிபதி கான்ஸ்டபிளின் படத்தை எடுத்துப் பார்த்தார். நாலு விரற்கடைதான் வித்தியாசம். ரோட்டின் நடுவுக்கும் அந்த இடத்துக்கும் வெகு தூரம். லோரிதான் பக்கம் மாறி வந்திருக்கிறது.

தீர்ப்பு சொல்லும்போது நீதிபதி அக்காவைப் பற்றி இரண்டு வரி சொன்னாராம். தனக்கு வேண்டியவருக்கு எதிரானதையும் ஒளிக்காமல் சொன்ன சாட்சி, அதனால் மற்றதையும் முழுதாக நம்புகிறேன் என்று. வக்கீல் தமிழில் எனக்குச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. சட்டத்தையும் விளக்கினார். முன்பெல்லாம் அடிபட்டவன் பேரில் கொஞ்சம் தப்பிருந்தாலும் மொத்தமும் போய்விடுமாம். அண்மையில்தான் சட்டத்தை மாற்றி, தப்பைப் பங்கு போட்டுப் பார்க்கிறார்களாம். மூன்றில் இரண்டு பங்கு லோரிக்காரன் மேல். அதற்கானதை லோரியின் இன்சூரன்ஸ் கட்டவேண்டும். ஒரு பங்கு என் மேல். திரும்பிப் பார்த்ததற்கும் நிற்காததற்கும்.

வெளியே வந்து அக்காவைத் தேடினேன். பியூன்தான் சொன்னார், மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் அப்போதே போய்விட்டதாக.

நீங்கள் ரோட்டில் போகும்போது சிம்பாங்கில் நில்லுங்கள். யார் கூப்பிட்டாலும் நின்று திரும்பிப் பாருங்கள். கண்முன்னே ஆக்சிடெண்ட் நடந்தால் அடிபட்டவரை முதலில் பாருங்கள், பிறகு அந்த இடத்தைப் பாருங்கள், வண்டி நம்பரைப் பாருங்கள், போலீஸ் வரும்வரை எதையும் கலைக்க விடாதீர்கள். கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள், பார்த்ததை மட்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கலாம். ஆனால் இதைத் தன் வேலைக்கும் பேருக்கும் கேடு வரும் என்று தெரிந்தே செய்த ஒருவர் எங்கள் லைனில் இருந்தார். நான் முறித்துக்கொண்ட உறவு அது. இருந்தும் அவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா, வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஜெயித்தோம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு தப்பு என் மேல் என்று தீர்ப்பு என்றேன்.

"யார் சொன்னது?"

"ஜட்ஜு."

"ஜட்ஜுக்கு யார் சொன்னது?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே பாத்திரங்கள் சத்தமாக உருண்டன. இனி விடிய விடிய அந்த வீட்டைப் பார்த்து ஏசப் போகிறார் என்று நானும் உங்கள் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சத்தம் நின்றது. அம்மா வாசற்படிக்கு வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப மிச்ச ரெண்டு பங்கு?"

"அதுவும் அக்கா சொன்னதுதாம்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, லைனில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.